மரியாதைக் கோடு

இருளாயிக்கு மண்புழுவைக் கண்டால் ஆகாது என்பது கொச்சி மட்டாஞ்சேரியில் அந்தச் சந்து முழுவதும் அறிந்த விஷயம். அறியாதவர் யாராவது மிச்சம் இருந்தால் அது இருளாயியின் குற்றமல்ல. காலையில் கொல்லையில் குந்திய நிமிஷத்திலிருந்து அவள் அதைத்தான் ஊருக்குக் கேட்கும்படி சொல்லிக்கொண்டிருப்பாள். சொல்லிக்கொண்டே, ஒரு புழுகூட நசுங்காமல், அத்தனையையும் பொறுக்கி எடுத்துவிடுவாள். அதையும் சந்து கவனித்து வைத்திருந்தது.

புழு வளர்ந்தது ஒரு பழுதான ஃபிரிட்ஜுக்குள். அதை மல்லாக்கப் போட்டு, கதவையே மூடியாக்கி, நனைத்த அட்டையும் காய்கறித் தோலும் வடிகட்டிய சாயாத்தூளுமாக நிரப்பியிருந்தார்கள். இருளாயி அதிலிருந்து இரண்டு கை மண்ணை அள்ளி நீலத் தார்ப்பாயில் குவிப்பாள். புழுவுக்கு வெளிச்சம் ஆகாது. மேலே இருப்பதெல்லாம் அடிக்கு ஓடும். அவள் குவியலின் தலையை உள்ளங்கையால் வழித்துத் தள்ளுவாள். கொஞ்சம் பொறுப்பாள். மறுபடி வழிப்பாள். இப்படி வழித்து வழித்துக் கடைசியில் மண் தீர்ந்து, ஒன்றையொன்று பின்னிக்கொண்டு சிவப்பாக ஒரு உருண்டை மிஞ்சும். அதை அலசி எவர்சில்வர் கிண்ணத்தில் போட்டால் மீனுக்குக் காலைச் சாப்பாடு. குஞ்சுகளும் முட்டைகளும் மண்ணோடு ஃபிரிட்ஜுக்கே திரும்பிவிடும்.

"தொடங்கியாச்சா இருளாயக்கா, பாட்டு?" என்று பக்கத்துச் சுவருக்கு மேலே ஜுமைலாவின் தலை முளைத்தது. ராவுத்தர் வீட்டுப் பெண். தலையில் முக்காடாகப் போட்ட தட்டம், கையில் வாழைப்பழத் தோல் நிறைந்த பை. புழுவுக்கு என்று தோல் கொண்டுவருவது ஒரு சாக்கு. சேதி கொண்டுபோவதுதான் காரியம்.

"உனக்கென்னடி, மேல நின்னு கேக்குற. வந்து ஒரு பிடி கையில எடுத்துப் பாரு. நெளியுது, கருமம். முப்பது வருஷம் கோர்ப்பரேஷன்ல ஊரு அழுக்கெல்லாம் அள்ளுனேன். இந்தச் சாதனத்தக் கையால தொட்டதில்ல."

"பின்னே? ஓடையில இல்லாத புழுவா?"

"அது வேற. சவட்டித் தள்ளிட்டுப் போயிரலாம். இதுக்குச் சோறு போட்டு, போர்வை போத்தி, பேறுகாலம் பாக்கணும். என் மவனுக்குக்கூட நான் இவ்வளவு பாத்ததில்ல."

சொல்லிவிட்டுக் குவியலை வேகமாக வழித்தாள். மகன் பேச்சு எப்போதும் இப்படித்தான், வாய்தவறி வரும். வந்தால் அதைச் சுற்றி ஒரு வட்டம் விழும்.

ஜுமைலா பையை நீட்டினாள். "நாளைக்கு வருஷச் சோறு இல்லியா? சுமாவோட அண்ணன் சந்தீப் வர்றானாமே பாலக்காட்டுல இருந்து. வண்டி எடுத்துட்டு வர்றானாம்."

"வரட்டே."

"உங்க மருமவளக் கூட்டிட்டுப் போயிருவானோ?"

"கூட்டிட்டுப் போகட்டே. சின்னப் பொண்ணு. இந்தக் குளத்தையும் புழுவையும் கட்டிட்டு எத்தனை நாளு கெடப்பா? நான்தான் சொல்றேனே, குளத்த மூடு, நீயும் போ, நானும் நிம்மதியாக் கெடக்கேன்னு."

இதையும் அவள் ஒரு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். தண்ணீர்க் குழாயடியில் சொன்னாள், ரேஷன் கடையில் சொன்னாள். சந்து அதை அப்படியே நம்பியது. வாயில் வருவதெல்லாம் மனதில் இருப்பது என்று நம்பினால்தான் ஒரு சந்து நிம்மதியாகப் பிழைக்க முடியும்.

குளம் என்பது அவள் மகன் அபிலாஷ் கட்டியது. தேவராவில் ஏசி ரிப்பேர் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவன் அவன். போனில் வீடியோ பார்த்துப் பார்த்து, ஞாயிற்றுக்கிழமைகளில் கொல்லையை வெட்டி, தடித்த ஷீட் விரித்துப் படுதாக்குளம் ஒன்று அமைத்தான். அதில் திலாப்பியாக் குஞ்சுகள். குளத்துத் தண்ணீரை ஒரு சின்ன மோட்டார் ஏற்றி, மெட்டல் கல் நிரப்பிய நீளத் தொட்டிகளில் விடும். கல்லுக்கிடையில் சீரைக்கீரையும் புதினாவும் வெண்டையும் வேர்விட்டு நிற்கும். மீனின் கழிவைச் செடி எடுத்துக்கொள்ள, தெளிந்த தண்ணீர் மறுபடி குளத்தில் விழும். மண்ணே இல்லாத விவசாயம்.

"மீன் பேண்ட தண்ணியில சீரை வளத்து அத மனுசன் திங்கணுமாக்கும்" என்று இருளாயி அன்று தீர்ப்புச் சொன்னாள். முதல் அறுப்பில் தேங்காய் போட்டுத் தோரன் வைத்தபோது இரண்டாம் முறை கேட்டு வாங்கியவளும் அவள்தான்.

போன கர்க்கடகத்தில், ஆடி மழையில், ஓடைத் தண்ணீர் கொல்லைக்குள் ஏறியது. மீன் வெளியே போய்விடாமலிருக்க அபிலாஷ் வலையைப் பிடித்துக்கொண்டு அந்தக் கலங்கல் தண்ணீரில் பாதிப் பகல் நின்றான். காலில் ஏற்கெனவே ஒரு கீறல் இருந்தது. எலிப்பனி, அழுக்குத் தண்ணீரில் புண்வழி ஏறுகிற எலிக்காய்ச்சல், என்று ஆஸ்பத்திரியில் சொன்னபோது கண் மஞ்சளாகியிருந்தது. மீன் எல்லாம் பிழைத்தன. அவன் பிழைக்கவில்லை.

குளத்தை மூடச் சொல்லி இருளாயி கத்தியது அப்போதுதான். அதற்கு மருமகள் சுமா, "மீன் என்ன செஞ்சுது அத்தே?" என்று மட்டும் கேட்டாள். கேட்டுவிட்டு மோட்டாரைப் போடப் போனாள். துணிக்கடைப் பில் வேலையையும் விட்டுவிட்டு அந்தக் குளத்தோடு உட்கார்ந்தாள். தண்ணீரில் காகிதம் முக்கி நிறம் பார்ப்பாள், குனிந்து மோந்து பார்ப்பாள், வாலை ஒருபக்கம் ஒதுக்கி நீந்துகிற மீன் எது என்று அவளுக்குத் தனித்தனியே தெரியும். ஒருநாள் காய்ச்சலில் அவள் எழுந்திருக்கவில்லை. மீன்கள் கரையோரம் வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. வேறு வழியில்லாமல் இருளாயி ஃபிரிட்ஜைத் திறந்தாள். அன்று தொட்ட புழு.

அதன் பிறகு மாமியாருக்கும் மருமகளுக்கும் பேச்சு என்றால் மீன் பேச்சுத்தான். "இன்னைக்குத் தின்னுச்சா?" "கொஞ்சம் கொறவுதான் அத்தே, மூடாப்பு இல்லியா." செத்தவனைப் பற்றி இருவரும் ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை. கிண்ணம் கைமாறும்போது இரண்டு பேர் விரலும் சற்று நேரம் அதிலேயே நிற்கும், அவ்வளவுதான்.

இருளாயியைப் போன்ற துப்புரவுக் குடும்பங்களில் ஒரு வழக்கம் உண்டு. திருநெல்வேலிப் பக்கமிருந்து முனிசிபாலிட்டி வேலைக்கு வந்து தலைமுறை கண்ட பிறகும் விடாதது. புருஷன் போனால் தலைவருஷம் கழியும்வரை பெண்ணைப் பிறந்த வீட்டார் வந்து கேட்கக் கூடாது. வருஷச் சோறு தின்ற அன்று கேட்கலாம். பெண் சரி என்றால், இலை எடுத்த கையோடு கூட்டிக்கொண்டு போகலாம்.

அந்தச் சோறுதான் நாளைக்கு.

சாயங்காலம் சுமா தொட்டி ஓரத்தில் உட்கார்ந்து குழாய் முனையில் கட்டியிருந்த வலைப்பையைக் கசக்கிக் கழுவிக்கொண்டிருந்தாள். இருளாயி டிரம்மில் குழாய்த் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தாள். பிடித்த தண்ணீரை நேராகக் குளத்தில் விடக் கூடாது. அதிலிருக்கும் மருந்து வாசம் போகத் திறந்துவைத்து, மறுநாளைக்கு மறுநாள்தான் விடவேண்டும். அது இருளாயியின் பொறுப்பு. ஏன் என்று அவள் கேட்டதில்லை.

"அத்தே, நாளைக்குப் புழு காலத்தயே எடுத்து வெச்சிரணும். ஆளு கூடுனா மறந்துருவோம்."

"ஏன், நாளான்னைக்கு எடுக்க ஆளு இருக்காதோ?"

தவறி விழுந்த வார்த்தை. சுமா கசக்குவதை நிறுத்தினாள்.

"நான் ஒண்ணும் இன்னும் சொல்லலியே."

"சொன்னா என்ன? போணும்னா போணும். இங்க என்ன பொன்னா வெளையுது?"

"அத்தே, நீங்க போகச் சொல்றீங்களா?"

"நான் ஆருடி சொல்ல? ஒன் சேட்டன் வர்றான், ஒன் அம்மை காத்துக் கெடக்கா, நீயாச்சு அவங்களாச்சு."

லாரிக்காரனை ஒரு சத்தத்தில் பின்னால் போகவைத்த வாய் அது. சந்தின் கோடியில் குப்பை கொட்டுகிறவனை இந்தக் கோடியிலிருந்தே அள்ளவைத்த வாய். 'இரு' என்ற ஈரெழுத்துச் சொல்லுக்கு அது அன்று திறக்கவில்லை. சுமா வலைப்பையைப் பிழிந்து கொடியில் போட்டுவிட்டு உள்ளே போனாள்.

இருளாயி கொல்லையைப் பார்த்தாள். போன தடவை சந்தீப் வந்தபோது மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றது அவளுக்கு மறக்கவில்லை. 'இந்த நாத்தத்துலயா என் பெங்ஙள் கெடக்கறா?' என்று தங்கையைக் குறித்துக் கேட்டுவிட்டுப் போனான். ஓடை ஓரத்தில் பாசி. ஃபிரிட்ஜைச் சுற்றிக் கொசு. சுவரடியில் ஈரம். நாளைக்கு அவன் கண்ணில் இதெல்லாம் பட்டால், அவள் வாயால் 'இரு' என்று சொல்லமுடியாத இடத்தில் இந்த நாற்றமே 'போ' என்று சொல்லிவிடும். இடம் கண்ணாடி மாதிரி இருந்தால் அவனுக்குக் கேட்க வாய் வராது. சுமாவுக்கும் போக மனசு வராது.

இவ்வளவுதான் அவள் கணக்கு. அவள் அறிந்த ஒரே கணக்கும் அதுதான்.

கோர்ப்பரேஷனில் மந்திரி வருகிறார் என்றாலும் சர்ச்சுப் பெருநாள் பிரதட்சிணம் வருகிறது என்றாலும் ரோட்டின் இரண்டு ஓரமும் கூட்டி, பிளீச்சிங் பவுடரால் வெள்ளைக் கோடு போடுவார்கள். ஆணி அடித்துத் துளை போட்ட பால்பவுடர் டின் ஒன்று போதும். நடந்துகொண்டே தட்டவேண்டும். இருளாயியின் கோட்டில் வளைவு கிடையாது என்று சூப்பர்வைசர்மார் தங்களுக்குள் சொல்லிக்கொள்வார்கள். அந்த வேலையிலிருந்த தமிழ்க் குடும்பங்களில் அதுவே ஒரு முறையாகிவிட்டது. கல்யாணம் என்றால், வருஷச் சோறு என்றால், சம்பந்தக்காரர்கள் வருகிறார்கள் என்றால், வீட்டைச் சுற்றி ஒரு கோடு. மரியாதைக் கோடு என்று பெயர். மற்றவர்கள் கோலம் போடுகிற இடத்தில் இவர்கள் மருந்து போடுவார்கள்.

வெள்ளத்தின்போது சுகாதாரத்துறையார் கொடுத்ததில் பாதி வாளி மிச்சமிருந்தது. மூடியைத் திறந்ததும் கண்ணைக் கரித்தது. இருளாயிக்கு அந்த வாசம் சந்தனம். மகனைக் கொண்டுபோன அழுக்கின்மேல் போடுகிற மருந்தல்லவா? அவள் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டாள். ஓடை ஓரமாக ஒரு கோடு. சுவரடியில் ஒரு கோடு. குளத்தைச் சுற்றி, ஷீட் மடித்துச் செருகிய விளிம்பை ஒட்டி, நாலு மூலையும் சரியாகத் திரும்பி ஒரு கோடு. ஃபிரிட்ஜைச் சுற்றி ஒன்று. கொசு அப்பியிருந்த மூடியைத் திறந்து, உள்ளேயும் லேசாக ஒரு தட்டு.

பாலையா பின்வாசலில் நின்று பார்த்தார். அவள் புருஷன். இஞ்சிக் குடோனில் மூட்டை தூக்கி முழங்கால் போனவர். "மந்திரி வர்றாரா?" என்றார்.

"மந்திரிக்கும் மேல. ஒம்ம சம்பந்தக்காரன் வர்றான்."

"கோடு நல்லா வந்துருக்கு" என்றார் அவர். கல்யாணமான நாள் முதல் அவர் அவளைப் பாராட்டியது இந்த ஒரு விஷயத்துக்குத்தான்.

விடியுமுன்பே மழை பிடித்துக்கொண்டது. கர்க்கடக மழை; தகரக்கூரையில் சரளைக்கல் கொட்டுகிற மாதிரி. இருளாயி அடுப்பில் சாம்பாருக்குப் பருப்பு வைத்துவிட்டுக் கட்டஞ்சாயா ஆற்றிக்கொண்டிருந்தாள். வெளிச்சம் வந்து, மழை கொஞ்சம் அடங்கியதும் சுமா கொல்லைக் கதவைத் திறந்தாள்.

"அத்தே!"

அந்தக் குரலை இருளாயி முன்பு ஒரே ஒரு தடவைதான் கேட்டிருந்தாள், ஆஸ்பத்திரி வராந்தாவில்.

போய்ப் பார்த்தபோது குளம் முழுக்க வாய். எல்லா மீனும் மேலே வந்து, வாயைத் தண்ணீருக்கு வெளியே நீட்டி, மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருந்தன. சில பக்கவாட்டில் சாய்ந்து வட்டமடித்தன. ஓரத்தில் இரண்டு மூன்று வெள்ளை வயிறு. குளத்தின் மேற்குப் பக்கம் போன வெள்ளத்தில் அமிழ்ந்து தரைமட்டத்துக்கு வந்திருந்தது. அந்தப் பக்கத்துக் கோட்டைக் காணவில்லை. மழை அதைக் கரைத்து அப்படியே உள்ளே இறக்கியிருந்தது. பால் கலந்த மாதிரி ஒரு திட்டு இன்னும் அங்கே மிதந்தது.

சுமா குனிந்து மோந்தாள். நிமிர்ந்து கோட்டைப் பார்த்தாள். இருளாயியைப் பார்த்தாள்.

"பிளீச்சிங்கா?"

"சுத்தமா இருக்கட்டேன்னு..."

"அத்தே, குழாய்த் தண்ணிய ரெண்டு நாளு வெயில்ல வெக்கிறது எதுக்கு? இந்த மருந்து போறதுக்குத்தானே? இது அதுதானே அத்தே, அதே சாதனம்தானே!"

இருளாயிக்கு அப்போதுதான் விளங்கியது. டிரம்மில் இருந்தது குழாய்த் தண்ணீர் மருந்து. இது சுத்தம் என்றுதான் அவள் நினைத்திருந்தாள். இரண்டும் ஒன்றென்று இத்தனை காலத்தில் ஒருவரும் அவளிடம் சொன்னதில்லை.

"மாமா, மோட்டார நிறுத்துங்க! தொட்டிக்குத் தண்ணி ஏற வேண்டா! மீனுக்குக் காத்து விடுற மிஷின் மட்டும் ஓடட்டும்!" சுமா நைட்டியை முடிந்துகொண்டு குளத்துக்குள் இறங்கிவிட்டாள். "அத்தே, மழைத் தண்ணி! கூரைத் தண்ணி பிடிச்ச டிரம்மு! அத இங்க தள்ளுங்க!"

ஜுமைலா இம்முறை சுவருக்கு மேலே எட்டிப்பார்க்கவில்லை. சுவரைச் சுற்றி ஓடிவந்தாள். அவள் வீட்டு மழைத்தண்ணீரும் வந்தது. சுமா உயிருள்ளதாகத் தோன்றியதையெல்லாம் கையால் வாரி வாரி டிரம்மில் போட்டாள். பாலையா குளத்துத் தண்ணீரை வாளியால் முகந்து ஓடையில் கொட்டினார். சந்தே வாசலில் கூடிவிட்டது. மழைத் தண்ணீர் கொடுத்தவர்கள் கொடுத்தார்கள், கொடுக்காதவர்கள் பேசினார்கள்.

"மூடு மூடுன்னு வருஷம் பூராச் சொன்னா. மூடிட்டா பாத்தியா."

"மருமவ போணும்னா நேராச் சொல்லலாமே. வாயில்லா சீவன் என்ன செஞ்சுது?"

இருளாயி காதில் அது விழுந்தது. வாளியைக் கீழே வைக்காமல் திரும்பி ஒரு பார்வை பார்த்தாள். வழக்கமாக அந்தப் பார்வைக்குப் பின்னால் நாலு வார்த்தை வரும். அன்று அடுத்த வாளிதான் வந்தது.

சந்தீப் வந்து நின்றது அந்த நேரத்தில்தான். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, கையில் பழப்பை. ஒரு நிமிஷம் பார்த்தான். பிறகு பையைப் பாலையாவின் நாற்காலியில் வைத்துவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வாளியை எடுத்தான். மூக்கைப் பொத்தவில்லை. அது இருளாயிக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

மழை முற்றிலும் விட்டபோது குளத்தில் அசைவில்லை. டிரம்மில் ஏழெட்டு மீன் மட்டும் அடியில் கிடந்து செவுள் அசைத்தன. மிச்சமெல்லாம் வெள்ளை வயிறு. பாலையா அவற்றை ஓலைக் கூடையில் அள்ளி, தென்னை மரத்தடியில் குழி வெட்டினார். ஒவ்வொரு கூடைக்கும் ஒருதரம் நின்று, முழங்காலைப் பிடித்துக்கொண்டு, மறுபடி வந்தார். இருளாயி ஃபிரிட்ஜ் மூடியைத் தூக்கினாள். புழுக்கள் மண்ணை விட்டு மேலே ஏறி, மூடியின் உட்புறத்தில் ஒட்டிக்கொண்டு, வெளுத்துச் சுருங்கியிருந்தன. தப்பிக்கப் பார்த்திருக்கின்றன. அவள் மூடியை மெதுவாக மூடினாள்.

இருந்தாலும் வருஷச் சோறு நடந்தது. அபிலாஷின் படத்துக்கு முன்னால் விளக்கு, இலை, சாம்பார், பாயசம். நனைந்த சட்டையோடு சந்தீப் சாப்பிட்டான். யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. சாப்பிட்டு முடித்து அவன் கையைத் துடைத்துக்கொண்டு, பாலையாவிடம் முறைப்படி கேட்டான்.

"மாமா, ஞான் சுமாவக் கூட்டிட்டுப் போலாம்னு வந்தது. அம்மைக்கும் தீரே வய்ய, ஒடம்பு சுகமில்ல. நீங்க சம்மதிக்கணும்."

பாலையா மனைவியைப் பார்த்தார். மனைவி மருமகளைப் பார்த்தாள். வாசலில் நின்ற சந்து எல்லாரையும் பார்த்தது.

"ஞான் இப்ப வரல சேட்டா" என்றாள் சுமா. சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்திருந்தாள். தலைமுடி ஈரமாகக் கன்னத்தில் ஒட்டியிருந்தது. "தண்ணி மொத்தம் போச்சு. மெட்டல்ல இருந்து தண்ணியத் தெளிய வெக்கிற நல்ல அணுவும் செத்துருக்கும். அது திரும்பப் பிடிக்க ஒரு மாசமாவது ஆவும். அந்த ஏழெட்டு மீனும் டிரம்முல எத்தனை நாளு கெடக்கும்? குளம் நேரா ஆவட்டே. பின்ன பாக்கலாம்."

"பின்னன்னா எப்போ?"

"தெரியல. குளம் நேரா ஆவட்டே."

இருளாயியின் நெஞ்சு ஒரு துள்ளு துள்ளியது. அவள் செய்த நாசமே அவள் கேட்டதைக் கொண்டுவந்து கையில் வைத்துவிட்டது. ஒரு மாசம். ஒரு மாசம் என்றால் ரெண்டு மாசம். மெட்டலைக் கழுவவேண்டும், தண்ணீர் பிடிக்கவேண்டும், புதுப் புழு விடவேண்டும். இவள் இருப்பாள். கூடத்தில் சிரித்துவிடக் கூடாதே என்று பயந்து இருளாயி தலையைக் குனிந்துகொண்டாள். குனிந்தபோதுதான் அதைப் பார்த்தாள்.

சுமாவின் வலது குதிகாலில் ஒரு வெட்டு. குளத்துக்குள் கல் கிழித்திருக்கும். சாணித்தரையில்லை, சிமெண்டுத் தரை. அதில் ரத்தம் தண்ணீரோடு கலந்து ஒரு சின்னக் கீற்றாக ஓடியிருந்தது. சுமாவுக்கே அது தெரிந்திருக்கவில்லை. அபிலாஷ் மாதிரியே பாதிப் பகல் அந்தக் காலோடு ஓடைத் தண்ணீர் கலங்கிய கொல்லையில் நின்றிருக்கிறாள். இன்னும் ஒரு மாசம் நிற்பாள். மழை இன்னும் ரெண்டு மாசம் இருக்கிறது.

இருளாயி எழுந்தாள். அலமாரியைத் திறந்து, எலிப்பனி வராமலிருக்கச் சுகாதாரப் பெண் வந்து கொடுத்துவிட்டுப் போன மாத்திரைப் பட்டையை எடுத்தாள். அபிலாஷ் வயிற்றைப் புரட்டுகிறது என்று தின்னாமல் வைத்துவிட்டுப் போனதைப் போன வருஷமே ஓடையில் எறிந்திருந்தாள். இது இந்த வருஷத்தது. ஒன்றைப் பிதுக்கிச் சுமாவின் வாயருகே நீட்டினாள்.

"முழுங்கு."

சுமா விழுங்கினாள். மாமியாரின் கையையே பார்த்தாள்.

"முழுங்கிட்டேல்ல? இனி பையை எடு. கெளம்பு."

"அத்தே, குளம்..."

"குளத்த நான்தான் கொன்னேன்."

"எனக்குத் தெரியும் அத்தே. தெரியாமப் போட்டீங்க."

"தெரியாமயா?" இருளாயி குரலை ஏற்றினாள். வாசல் வரைக்கும், வாசலைத் தாண்டியும் கேட்கவேண்டும். "முப்பது வருஷம் இந்த மருந்தைப் போட்டவ நான். ஓடையில போட்டா தவளை செத்து மெதக்கும்னு எனக்குத் தெரியாதா? வேணும்னுதான் போட்டேன். என் மவனத் தின்ன குளம் எனக்கு வேண்டா. ஒன்னையும் வேண்டா. ஒரு வருஷம் பொறுத்தேன், முறைக்குப் பொறுத்தேன். சந்தீப்பே, கூட்டிட்டுப் போ. இவ இங்க இருந்தா நான் இன்னொரு வாளி போடுவேன்."

வாசலில் யாரோ 'அல்லாஹ்' என்றார்கள். ஜுமைலாவாக இருக்கும். சந்தீப்பின் முகம் கறுத்தது. பாலையா மட்டும் மனைவியை, மூட்டைக்குள் இருப்பது இஞ்சியா மிளகா என்று வெளியிலிருந்தே மோந்து பார்க்கிற மாதிரி, நிதானமாகப் பார்த்தார்.

சுமா எழுந்து மாமியாருக்கு நேரே வந்து நின்றாள். மெதுவாகப் பேசினாள். இது வாசலுக்குக் கேட்கவில்லை. சந்துக்கு இன்றுவரை அந்த வருத்தம் உண்டு.

"கொல்றதுக்குப் போடறவ ஆராச்சும் மூலை திருப்பிக் கோடு போடுவாளா அத்தே?"

இருளாயியின் உதடு கோணியது. அதை நேராக்கிக்கொண்டாள்.

"கால்ல துணி சுத்து. செருப்புப் போட்டுட்டு வண்டியில ஏறு. பாலக்காட்டுல ஓடைத் தண்ணியில எறங்காத. இன்னொரு மாத்திரை பட்டையில இருக்கு, கொண்டு போ, மறக்க வேண்டா."

சுமா அவளையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு சுமா குனிந்து மாமியார் காலைத் தொட்டாள். அந்த வீட்டில் யாரும் யார் காலையும் தொட்டதில்லை. உள்ளே போய்ப் பையை எடுத்தாள். அபிலாஷின் படத்துக்கு முன்னால் நின்றாள். படத்தை எடுக்கவில்லை.

போகும்போது டிரம்மருகே நின்று, "மூணு நாளைக்கு ஒண்ணும் போடாதீங்க மாமா. காத்து மிஷின் நிக்கக்கூடாது. கரண்டு போனா கையால கலக்கணும்" என்று பாலையாவிடம் சொன்னாள். மாமியாரிடம் சொல்லவில்லை. வேண்டாம் என்று விரட்டியவளிடம் எதைச் சொல்லிவிட்டுப் போவது? சந்து பார்த்துக்கொண்டிருந்தது, அவளும் அந்த நாடகத்தில் தன் பங்கைச் சரியாகச் செய்தாள்.

வண்டி சந்து முனையில் திரும்பும்வரை இருளாயி வாசலுக்கே வரவில்லை.

மத்தியானத்துக்கு மேல் வெயில் ஒருமுறை எட்டிப் பார்த்தது. குளத்தில் சேறும் ஒரு சாண் தண்ணீரும். இருளாயி கரையாமல் மிச்சமிருந்த கோட்டைத் துடைப்பத்தால் அழித்துக்கொண்டிருந்தாள். சிமெண்டில் பிடித்த வெள்ளை போவேனா என்றது. பாலையா டிரம்முக்குப் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

ஜுமைலா பின்பக்கமாக வந்தாள். கையில் மூடிய பாத்திரம், அரிசிக் கஞ்சி. கொஞ்ச நேரம் சும்மா நின்றாள். அவளுக்கு அது பழக்கமில்லாத காரியம்.

"இருளாயக்கா, நெஜமாட்டு வேணும்னா போட்டீங்க?"

"ஒனக்குக் காது இல்லியா? கத்திச் சொன்னேனே."

"எனக்கு நம்பிக்கை வரல."

"நம்ப வேண்டா. சொன்னாப் போதும்." துடைப்பத்தை நிறுத்தி நிமிர்ந்தாள். "இந்தா பாரு ஜுமைலா. ஒரு தடவையாச்சும் எனக்கு ஒரு உபகாரம் செய். வழக்கம்போலப் போய்ச் சொல்லு. இருளாயி மருமவளை வெரட்டிட்டான்னு சொல்லு. மீனக் கொன்னு வெரட்டிட்டான்னு. குழாயடியிலயும் சொல்லு, ஒன் பாலக்காட்டுச் சொந்தத்துக்கும் போன் போட்டுச் சொல்லு. நாளைக்கு ஒருத்தரும் அவளப் பாத்து, வருஷம் கழிஞ்ச அன்னைக்கே எறங்கிப் போயிட்டாளேன்னு கேக்கக் கூடாது. அவளுக்கும் திரும்பி வரணும்னு தோணக் கூடாது."

"தோணுனா?"

"அதுக்குத்தான் சொல்லச் சொல்றேன்."

ஜுமைலா கஞ்சிப் பாத்திரத்தைத் திண்டில் வைத்துவிட்டுத் தட்டத்தை இழுத்து விட்டுக்கொண்டு போனாள்.

சாயங்காலத்து அஸர் பாங்கு ஓதி முடிந்து சற்று நேரத்தில் சுவருக்கு அந்தப் பக்கம் பெண்கள் கூடுகிற சத்தம் கேட்டது. இருளாயி துடைப்பத்தைச் சாய்த்துவிட்டுச் சுவரடியில் போய் நின்றாள். ஒரு கை சுவரில். ஜுமைலாவின் குரல் தெளிவாகவே வந்தது.

"...மீனக் கொல்ற மருந்துன்னு அவளுக்கு என்ன தெரியும் பாவம்? சம்பந்தக்காரன் வர்றான், எடம் வெடிப்பா, சுத்தமா இருக்கட்டேன்னு போட்டுட்டா. மழை வரும்னு கண்டாளா? அந்தப் பொண்ணு மேல அவளுக்கு உசுரு. உசுருன்னா..."

"ஜுமைலா!" என்றாள் இருளாயி. சுவர் அதிர்ந்தது. "நான் சொன்னத மட்டும் சொல்லு!"

அந்தப் பக்கம் பேச்சு நின்றது. பிறகு ஜுமைலா தொண்டையைச் சரிசெய்துகொண்டு, பாடம் ஒப்பிக்கிற பிள்ளை போல, ஒரு வார்த்தையும் கூட்டாமல் குறைக்காமல், முதலிலிருந்து சொல்லத் தொடங்கினாள். இருளாயி சுவரில் கையை வைத்தபடி கடைசிவரை கேட்டாள்.